மருத்துவச் சஞ்சிகைகளில் மாவட்டவாரிக் கணக்கு வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர், சுகாதார அமைச்சு, கொழும்பு 10, தலைவர், தேசிய விஞ்ஞான மன்றம், கொழும்பு 7.
பிரதி: இலங்கை மருத்துவ சங்கம், விஜேராம மாவத்தை, கொழும்பு 7.
அனுப்புநர்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் சுகாதாரத் துறையினரின் சங்கம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

இந்நாட்டின் மருத்துவச் சஞ்சிகைகளுக்கு எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன, அவற்றுள் எத்தனை மீளாய்வாளரிடம் போகாமலே திருப்பி அனுப்பப்படுகின்றன, எத்தனை அச்சேறுகின்றன, மீளாய்வு செய்வோர் எந்தெந்த நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர் என்ற கணக்கை ஒவ்வொரு சஞ்சிகையும் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இதுவே எமது தலையாய கோரிக்கை. எந்தச் சஞ்சிகைமீதும் நாம் குற்றஞ்சாட்ட வரவில்லை. 1887இல் தொடங்கி இன்றுவரை வெளிவரும் இலங்கை மருத்துவ சஞ்சிகை இந்நாட்டவர் எல்லோருக்கும் பெருமை தருவது. அத்தகைய சஞ்சிகைகளின் நடுநிலையை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டுவதற்கும் கணக்குத்தான் வேண்டும்.

சஞ்சிகையில் வருவதும் வராததும் கல்விமான்களின் பதவி உயர்வோடு முடிந்துவிடும் விடயமல்ல. அலரி விதை நஞ்சை எடுத்துக்கொள்வோம். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த நஞ்சூட்டல் பெருகத் தொடங்கியது. அங்கிருந்த மருத்துவர்கள் 170 நோயாளரின் விபரங்களைத் திரட்டி எழுதினார்கள். அந்த ஆய்வு 1988இல் வெளிநாட்டுத் தடயவியல் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. பின்னர் இந்த நஞ்சூட்டல் வட மத்திய மாகாணம் உட்பட நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. மாற்று மருந்து பற்றிய முக்கியமான பரிசோதனை 2000ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வந்தபோது, அது கொழும்பில் நடந்த ஆய்வாகவே பதிவாயிற்று. ஆனால் அதில் சிகிச்சை பெற்றவர்கள் வெளி மாவட்ட வைத்தியசாலைகளிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள். ஒரு மூலையில் முதலில் கண்டறியப்படுவது நாடு முழுவதற்குமான எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டபோதும், முதலில் நோயாளியைக் கண்டவர்கள் அவ்வூர் வைத்தியசாலைகளின் வைத்தியர்களே. அவர்கள் கண்டது எழுத்தில் ஏறி, மதிப்பிடப்பட்டு, உரிய காலத்தில் அச்சாவது பொதுச் சுகாதாரத்தின் ஒரு பகுதி.

கட்டுரையின் தரம் ஒன்றே அளவுகோல், முகவரியைப் பார்ப்பதில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களின் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பார்ப்பவர் அறியாமலே முகவரி தீர்ப்பைச் சாய்க்கிறது என்பதற்குத் திடமான ஆதாரம் உண்டு. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், 347 இங்கிலாந்து மருத்துவர்களிடம் ஒரே ஆய்வுச் சுருக்கம் ஒரு முறை செல்வந்த நாட்டின் பெயரோடும் இன்னொரு முறை வறிய நாட்டின் பெயரோடும் கொடுக்கப்பட்டது. செல்வந்த நாட்டின் பெயர் இருந்தபோது அதே எழுத்துக்குக் கூடிய மதிப்புக் கிடைத்தது. அமெரிக்க இதய சங்கத்தின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. எழுதியவரின் பெயரும் நிறுவனமும் மதிப்பிடுவோருக்குத் தெரிந்த காலத்தில், அதன் மாநாட்டுக்கு வந்த அமெரிக்க ஆய்வுச் சுருக்கங்களில் 40.8 வீதமும் பிற நாட்டவற்றில் 22.6 வீதமும் ஏற்கப்பட்டன. 2002இலிருந்து அவற்றை மறைத்து மதிப்பிட்டபோது அவை முறையே 33.4, 23.7 வீதங்களாயின. இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, முற்றாக மறையவில்லை. எஞ்சியதில் உண்மையான தர வேறுபாடும் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறோம். இலங்கையரான அத்துல சுமதிபால, சிசிர சிறிபத்தன உள்ளிட்டோர் 2004இல் இதே கேள்வியை உலகின் முன் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டின் ஐந்து முன்னணி மருத்துவச் சஞ்சிகைகளை எண்ணிப் பார்த்தபோது, ஐரோப்பிய, அமெரிக்க வட்டத்துக்கு வெளியேயுள்ள நாடுகளின் பங்கு சராசரி 6.5 வீதம் மட்டுமே. லண்டனையும் பொஸ்டனையும் நோக்கி நாம் நியாயமாகக் கேட்ட அந்தக் கேள்வியை, கொழும்பை நோக்கி முல்லைத்தீவும் அம்பாறையும் மொனராகலையும் கேட்கும்போது செவிசாய்ப்பதுதானே முறை?

சிறிய நாடு, எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், பெயரை மறைத்துப் பயனில்லை என்ற வாதமும் எழும். அதில் உண்மையுண்டு. மீளாய்வாளர் வட்டம் ஒடுங்கியிருந்தால் பெயர் மறைப்பு வெறும் சடங்காகிவிடும். ஆகவேதான் பெயர் மறைப்போடு, யாழ்ப்பாணம், கிழக்கு, ரஜரட்ட, ருகுணு மருத்துவ பீடங்களிலிருந்தும் மாவட்ட வைத்தியசாலைகளின் விசேட வைத்திய நிபுணர்களிடமிருந்தும் மீளாய்வாளர்களைச் சேர்க்கும்படி கேட்கிறோம். ஜாமா போன்ற சஞ்சிகைகள் மீளாய்வாளர் பெயர்ப்பட்டியலை ஆண்டுதோறும் நன்றியுடன் வெளியிடுகின்றன. இங்கும் அது இயலாத காரியமல்ல.

வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கட்டுரைகளே குறைவாக வருகின்றன, ஆசிரியர் என்ன செய்வார் என்று கேட்கப்படலாம். எல்லா மறுப்புகளிலும் இதையே நாம் மிகவும் மதிக்கிறோம். குறை அங்கேதான் என்றால் பரிகாரம் சஞ்சிகையின் கையில் இல்லை, அமைச்சின் கையில் இருக்கிறது. ஆதார வைத்தியசாலையில் இரவுக்கடமை முடித்துவரும் வைத்தியருக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற இன்னொரு மாவட்டத்தின் பல்கலைக்கழகத்தை நாட வேண்டியிருக்கிறது. தரவுகளைக் கணிக்கப் புள்ளிவிபரவியலாளர் பக்கத்தில் இல்லை. நோயாளர் குறிப்புகள் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் கிடக்கின்றன. வரவு குறைவா, ஏற்பு குறைவா என்பதைப் பிரித்துக் காட்டுவது நாம் கேட்கும் அந்தக் கணக்கு மட்டுமே. இடஒதுக்கீட்டை நாம் கேட்கவில்லை. தரங்குறைந்த கட்டுரையை ஊரின் பெயரால் அச்சிடுவது அந்த ஊரின் நோயாளருக்கே தீங்கு.

கணக்கில் ஒரு நுணுக்கம் தவறக்கூடாது. நுவரெலியாத் தோட்டத்துத் தொழிலாளியும் கிளிநொச்சி விவசாயியும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ அனுப்பப்பட்டு, உறவினர்கள் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்க, இங்கே சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களைப் பற்றிய கட்டுரை கொழும்பு முகவரியோடு வெளிவருகிறது. எனவே எழுத்தாளரின் நிறுவனம் ஒரு நிரலிலும் நோயாளரின் வதிவிட மாவட்டம் வேறொரு நிரலிலும் பதியப்பட வேண்டும். இரண்டும் கலந்தால் கணக்கே பொய்யாகிவிடும்.

ஆசிரியர் குழுவினர் ஊதியமின்றி உழைப்பவர்கள். அவர்கள்மேல் சுமையேற்ற விரும்பவில்லை. இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பைப் பராமரிக்கும் தேசிய விஞ்ஞான மன்றம் பொதுப் படிவமொன்றை வகுத்து, கட்டுரை சமர்ப்பிக்கப்படும்போதே இவ்விபரங்களைப் பெற்றுக்கொண்டால் வேலை இலகுவாகும். சுகாதார அமைச்சு, மாகாணத்துக்கு ஒரு புள்ளிவிபரவியலாளரையேனும் ஆய்வுப் பணிக்கென நியமித்து, பல்கலைக்கழகம் இல்லாத மாவட்டங்களின் விண்ணப்பங்களை நெறிமுறைக் குழுக்கள் குறித்த காலத்துக்குள் பரிசீலிக்க ஒழுங்குசெய்ய வேண்டும். அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவு மதிப்பீடுகள் தயாராகுமுன் இம்மனுவுக்கு எழுத்துமூலப் பதிலையும், எமது பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாளையும் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நிர்வாக சபையின் சார்பில்,
தலைவர், செயலாளர்
கொழும்பு