தண்ணீர் சுட்டால் போதுமா?

பேராக் ஆற்றில் 1930இல் எழுந்த செண்டரோ அணை ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தது. நம் லயங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அப்படிக் காத்திருந்து பெற்ற வசதியே நமக்கு எமனாகலாமா?

ஈப்போவில் சுடுநீர்க் கருவி வாங்குகிறோம். 'கரண்ட் வேலை தெரிந்த' அண்டைவீட்டுத் தம்பி வந்து மாட்டுகிறார். தண்ணீர் சுட்டதும் வேலை சரி என்கிறோம். இது தப்புக் கணக்கு! 3,600 வாட் கருவி ஒன்று, 40 வாட் விளக்குகள் 90 இழுக்கும் மின்சாரத்தை இழுக்கும். விளக்குக்குப் போட்ட கம்பி அதைத் தாங்குமா? எர்த் கம்பி இல்லாவிட்டாலும் தண்ணீர் சுடத்தான் செய்யும். மின்சாரம் கசியும் நாளில்தான் குறை தெரியும். அன்று அழுது பயனில்லை.

ஆகவே, கருவிக்குத் தனிக் கம்பி, எர்த், 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அணைந்துவிடும் காப்பு சுவிட்ச் ஆகிய மூன்றும் உண்டா என்று உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்துச் சொல்லட்டும்.

தொழிலாளியை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, தோட்ட வீடுகளுக்குப் போதிய மின்வசதி தருவதும் அவற்றைப் பழுதுபார்ப்பதும் முதலாளியின் கடமை. பழைய கம்பியை மாற்றக் கேட்பது பிச்சையல்ல, உரிமை. கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள், ஒன்றாய்க் கேட்போம்!