ஊனமுற்ற தொழிலாளியின் உதவித்தொகைக்கும் வரியா?

உழைத்துப் பிழைப்பவனுக்குக் கையும் காலும்தான் சொத்து. அந்தச் சொத்து போய்விட்டபின் அவன் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகை வருமானமா, நஷ்டஈடா? நம் ஊர் மில் வாசலில் யாரைக் கேட்டாலும் நஷ்டஈடு என்றுதான் சொல்வார்கள். பணக்கார தேசமான அமெரிக்காவின் சட்டமோ, "அது உன் மனைவியின் சம்பளத்தைப் பொறுத்தது" என்கிறது!

நோயாலோ விபத்தாலோ உழைக்க முடியாமல் போன தொழிலாளிக்கு மாதாமாதம் உதவித்தொகை தரும் சட்டம் அங்கே 1956-ல் வந்தது. இது தருமம் அல்ல. கூலியில் நூற்றுக்கு 6.2 பிடித்தம் செய்கிறார்கள்; முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை செய்த காலமெல்லாம் கட்டிய பணத்தின் பலன்தான் இந்த உதவித்தொகை.

ஆனால் ஜனவரி பிறந்ததும், "சென்ற ஆண்டு உனக்கு இவ்வளவு கொடுத்தோம்" என்று சர்க்கார் காகிதம் வருகிறது. ஏப்ரல் 15-க்குள் வருமான வரிக் கணக்கு கொடுக்க வேண்டும். உதவித்தொகையில் பாதியை எடுத்து, வீட்டின் மற்ற வருமானம் முழுவதையும் அதோடு கூட்ட வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து கொடுக்கும் கணக்கில் இந்தத் தொகை 32,000 டாலரைத் தாண்டினால் உதவித்தொகையில் ஒரு பகுதி வரிக்கு உட்படும். 44,000-ஐத் தாண்டினால் நூற்றுக்கு 85 வரைகூட உட்படலாம். தனி ஆளுக்கு வரம்பு 25,000, 34,000.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவனுக்கு மாதம் 1,500 டாலர் உதவித்தொகை, ஆண்டுக்கு 18,000. மனைவி வேலைக்குப் போய் 36,000 சம்பாதிக்கிறாள். இருவரும் 65 வயதுக்குள், பிள்ளைகள் இல்லை. பாதி உதவித்தொகையையும் மனைவியின் கூலியையும் கூட்டினால் 45,000. உடனே உதவித்தொகையில் 6,850 டாலர் வரிக்கு உரிய வருமானமாகிவிடுகிறது. 2025-ம் ஆண்டு விகிதப்படி இதற்குக் கூடுதல் வரி 685 டாலர். ஏறக்குறைய அரை மாத உதவித்தொகை போயிற்று! கணவன் படுத்துவிட்டானே என்று மனைவி கூடுதல் நேரம் உழைத்தால், அவள் கூலிக்கும் வரி. அதனால் அவன் உதவித்தொகைக்கும் வரி.

தனித்தனியாகக் கணக்குக் கொடுத்தால்? ஒரே வீட்டில் வாழும் தம்பதி அப்படிச் செய்தால் வரம்பு பூஜ்யம். முதல் டாலரிலிருந்தே கத்திரி விழும்.

நிலுவையிலும் பிடுங்கல்

மனுப் போட்டு, மறுக்கப்பட்டு, அப்பீல் செய்து, ஓராண்டு ஈராண்டு கழித்து உதவித்தொகை சாங்ஷன் ஆகிறவர்கள் அநேகம். நிலுவை மொத்தமாக வரும்போது அந்த ஒரே ஆண்டில் வரம்பைத் தாண்டிவிடுவார்கள். நிலுவையை அந்தந்த ஆண்டோடு சேர்த்துக் கணக்கிட்டு வரியைக் குறைக்கச் சட்டத்தில் வழி உண்டு. தெரிந்தவன் தப்புகிறான், தெரியாதவன் கட்டுகிறான். நிலுவையிலிருந்து வக்கீலுக்குப் பிடித்துக் கொடுத்த பீஸும் தொழிலாளி வாங்கிய தொகையாகவே காகிதத்தில் ஏறுகிறது!

அசையாத வரம்பு

இந்த வரி 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து 1984 முதல் அமலுக்கு வந்தது. 25,000, 32,000 என்ற வரம்புகள் அன்று வைத்தவை. 1993-ல் வந்தவை 34,000-மும் 44,000-மும். 1984-க்குப் பிறகு விலைவாசி மூன்று மடங்காகிவிட்டது. வரம்பு ஒரு டாலர்கூட ஏறவில்லை. உதவித்தொகை மட்டும் விலைவாசியை ஒட்டி ஏறுகிறது. ஏற ஏற, நின்ற இடத்திலேயே நிற்கும் வரம்பில் போய் முட்டுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்பது இதுதான்!

"அந்த வரிப் பணம் சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் வைத்தியத்துக்கும்தானே போகிறது?" என்று சிலர் கேட்கலாம். போகிறது, உண்மை. ஆனால் 2025-ல் 1,76,100 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு அந்த 6.2 சதவீதப் பிடித்தமே கிடையாது. கோடி வாங்கும் மானேஜர் அதுவரை மட்டும் கட்டிவிட்டுக் கையை உதறிவிடுகிறார். நிதியை நிரப்ப வேண்டுமானால் அங்கே போய்க் கேட்பதல்லவா நியாயம்? மேலும், இந்த உச்சவரம்பு நாட்டின் சராசரிக் கூலியை ஒட்டி ஏற்றப்படுகிறது. வரம்பை ஏற்றும் வித்தை சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஊனமுற்றவனுக்காக ஏற்ற மனமில்லை.

இந்த வித்தை நமக்கும் புதிதல்ல. ஈ.எஸ்.ஐ.யில் சேருவதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக வைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அது அசையவே இல்லை. சம்பளம் சற்று ஏறியதும் எத்தனையோ பேர் அந்தப் பாதுகாப்பை விட்டே வெளியே தள்ளப்பட்டார்கள். கதிர் அடிக்கும் மெஷினில் கை கொடுத்த விவசாயக் கூலிக்கோ அந்த வாசலே திறக்கவில்லை.

ஆகவே தோழர்களே, ஒரு சலுகைச் சட்டம் வந்தால் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வரம்பு எவ்வளவு, அது விலைவாசியோடு ஏறுமா என்று கேளுங்கள். ஏறாத வரம்பு, ஓசையில்லாமல் ஆண்டுதோறும் நடக்கும் கூலி வெட்டு. அங்கஹீனத்துக்குக் கிடைப்பது வருமானம் அல்ல. இழந்த உழைப்புச் சக்திக்கு ஈடு. அதில் கை வைக்க எந்த சர்க்காருக்கும் உரிமை இல்லை!