ஷூ வாங்குறதுக்குப் பேரு திட்டம் இல்ல

மாசி பொறந்துட்டா பட்டணத்து நண்பர்கள்கிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பிச்சிரும். "அண்ணே, வர்ற சனி ஞாயிறு குரங்கணி - கொழுக்குமலை போறோம். எல்லாம் ப்ளான் பண்ணியாச்சு. வழி மட்டும் சொல்லுங்க."

என்னய்யா ப்ளான்னு கேட்டா, ஒரு வாட்ஸ்அப் குரூப், வேன், புது ஷூ, போன்ல இறக்கி வச்ச மேப், ஞாயிறு ராத்திரி ஊர் திரும்ப பஸ் டிக்கெட். இதுக்குப் பேரு திட்டம் இல்ல, செலவுக் கணக்கு. இதுல மலையைப் பத்தி ஒரு வரிகூடக் கிடையாது.

2018 மார்ச் 11. அதுவும் ஞாயித்துக்கிழமைதான். சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த பிள்ளைங்க கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்குறப்போ தீயில மாட்டினாங்க. 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. தீயை யார் வச்சாங்கன்னு அப்போ டிவியில நாள் கணக்கா சண்டை போட்டாங்க. என் கேள்வி அது இல்ல. அந்த மாசத்துல, அந்தச் சரிவுல, அத்தனை பேரை நடக்க வைக்கிறதுக்கு எப்படித் திட்டம் போட்டாங்கங்கிறதுதான்.

எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில மலைப்புல் ஆளுயரத்துக்கு வளரும். தையில காயும். மாசி, பங்குனியில ஒரு பீடித்துண்டு போதும். தீ இறக்கத்தைவிட ஏத்தத்துலதான் வேகமா ஓடும். கீழ எரியிற சூடு மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வச்சிரும். பகல்ல காத்தும் பள்ளத்துல இருந்து மேல் நோக்கித்தான் அடிக்கும். அதனால தீயைக் கண்டு மேல ஓடுறவன் அதுகூட பந்தயம் கட்டுறான். குறுகலான ஓடை மடிப்புக்குள்ள இறங்குனா அது புகைபோக்கி மாதிரி. பக்கவாட்டுல விலகணும்; வெறும் பாறைக்கோ, ஏற்கெனவே எரிஞ்சு கருகிக் கிடக்கிற இடத்துக்கோ போகணும். நைலான், பாலியஸ்டர் துணி சூட்டுல உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்திதான் நல்லது. உங்க ப்ளான்ல இதுல எது இருக்கு?

"நாங்க ஏறவே போறதில்லைண்ணே, சூரியநெல்லியில இருந்து ஜீப்ல மேல போய் நடந்து இறங்குறோம், இறக்கம்தானே"ன்னு ஒரு கூட்டம். கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல. ஏத்தத்துல மூச்சு வாங்குச்சுன்னா உக்காந்துக்கலாம். செங்குத்தான இறக்கத்துல முட்டி நடுங்க ஆரம்பிச்சா உக்காந்தாலும் நிக்காது. காய்ஞ்ச புல்லு மேல கால் வச்சா சறுக்கும். அடிபட்டவனைத் தூக்கிட்டு வர அங்க ரோடு கிடையாது, ஆள் தோள்தான்.

என்னைக் கேட்டா அந்த லிஸ்ட்லயே ஆபத்தான சாமான் அந்த ராத்திரி பஸ் டிக்கெட்தான். மேகம் கூடினாலும், ஒருத்திக்கு முட்டி மடங்கினாலும், இருட்டினாலும், "பஸ்ஸ விட்டுருவோம்"னு கூட்டமா நடக்க வைக்கும். பாதியில திரும்பி வர்றதுக்கு இடம் வைக்காத திட்டம் என்ன திட்டம்?

"அப்போ மலைக்கு யாருமே வரக்கூடாதா"ன்னு கோவிச்சுக்காதீங்க. மொத்தமா பூட்டுங்கன்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப்போகாது. பூட்டினா திருட்டுத்தனமா வருவாங்க, அது இன்னும் மோசம். 2018 தீக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குன்னு விதி கொண்டுவந்துச்சு. 2024 அக்டோபர்ல 40 பாதைகளோட 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சாங்க. ஆன்லைன்ல பதியலாம், வழிகாட்டி கூட வருவார். குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதுல உண்டு. தீக்காலத்துல மூடிருவாங்க. அப்படி மூடுறப்போ "லீவு வீணாப்போச்சு"ன்னு திட்டுறீங்களே, அங்கதான் எனக்குக் கோவம். பங்குனியில நெல்லு நட மாட்டேன்னு நான் சொன்னா சோம்பேறின்னா சொல்வீங்க? மலைக்கும் பருவம் இருக்கு.

இன்னொண்ணு. வழிகாட்டிக்குக் கொடுக்கிற கூலியில பேரம் பேசாதீங்க. "மேப் இருக்கே, இவர் எதுக்கு"ன்னு கேக்காதீங்க. மேப்புல பாதை தெரியும். ராத்திரி மாடு எந்தப் பக்கம் இறங்குச்சு, எந்த ஊத்து வத்திருச்சு, எந்தச் சரிவுல புகை வாசம் வருதுன்னு தெரியாது. காட்டுமாடு நின்ன தடத்தை அவர் மண்ணைப் பார்த்துச் சொல்வார். அன்னைக்குத் தீயில மாட்டினவங்களைத் தேடி ஓடினதுல முதல் ஆளுங்க இந்த மலையடிவாரத்து சனங்கதான்.

திட்டம்னா என் கணக்குல இவ்வளவுதான்: எந்த மாசம், யார் அனுமதி, கூட வர்ற உள்ளூர் ஆள் யார், எத்தனை மணிக்கு எங்க இருந்து திரும்பிடுவோம், கூட்டத்துல மெதுவா நடக்கிறவர் யார். கடைசி ஆளோட நடைதான் மொத்தக் கூட்டத்தோட நடை.

இந்த அஞ்சுக்கும் பதில் எழுதிட்டுக் கேளுங்க, வழி சொல்றேன். மாசி, பங்குனின்னா கேக்கவே வேண்டாம்.