குறைத்தல் கைவிடுதல் ஆகாது

இரைப்பைப் புற்றுநோய் முற்றிப் பிற உறுப்புகளுக்கும் பரவியபின், அதனை முழுவதும் நீக்குதல் பெரும்பாலும் இயலாது. நோயை அடக்கி, வாழ்நாளை நீட்டி, துன்பத்தைத் தணிப்பதே அப்போது சிகிச்சையின் நோக்கமாகும். ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றி, அதனுடன் கேப்பசிட்டபின் மாத்திரையையும் கொடுப்பது பரவலான முறை. சில மாதங்களில் நோய் அடங்கினால், முன்னதை நிறுத்திப் பின்னதை மட்டும் மருத்துவர் தொடர்வதுண்டு. இதுவே பராமரிப்புச் சிகிச்சை.

இந்நிலையில், "மருந்தைக் குறைத்துவிட்டார்கள், இனி நம்பிக்கையில்லை போலும்" என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பு. இக்கலக்கம் தேவையற்றது. ஆக்சாலிபிளாட்டினின் நஞ்சு நரம்புகளில் சிறிது சிறிதாகச் சேர்கிறது. முதலில் குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்கள் கூசும்; பின்னர் மரத்துப்போகும்; நாளடைவில் சட்டைப் பொத்தானை மாட்டுவதும் அரிதாகும். உரிய காலத்தில் அதனை நிறுத்துவது நோயாளியைக் காப்பதேயாகும்.

மருந்து மிகுந்தால் நன்மையும் மிகும் என்பது எப்போதும் உண்மையன்று. முதியோர், நலிந்தோர் 514 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 60 விழுக்காட்டு அளவு மருந்தே நோயை ஏறத்தாழ முழு அளவைப் போல் அடக்கியது, துன்பமோ குறைந்தது. மாறாக, 2024-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், மூன்று மாதங்களுக்குப்பின் ராமுசிருமாப், பாக்ளிடாக்செல் ஆகிய வேறு மருந்துகளுக்கு மாற்றப்பட்டவர்களின் இடைநிலை வாழ்நாள் 10.4 மாதங்களிலிருந்து 12.6 மாதங்களாக உயர்ந்தது. கடும் பக்கவிளைவுகளும் உடன் மிகுந்தன. அவ்விரு மாதங்களின் மதிப்பை நிறுக்கும் உரிமை நோயாளிக்கு உரியது. அவருக்கு உண்மையைச் சொல்லாமல் எடுக்கும் முடிவு முறையான முடிவாகாது என்பதே எம் கருத்து.

மாத்திரை வீட்டிலேயே உட்கொள்ளப்படுவதால், களப்பணியாளரின் கண்காணிப்பு இன்றியமையாதது. உணவுக்குப்பின் அரைமணி நேரத்துக்குள், நாளைக்கு இருவேளை, பெரும்பாலும் 14 நாள் உட்கொண்டு 7 நாள் ஓய்வு தருவது வழக்கம். அவ்வோய்வும் சிகிச்சையின் பகுதியே. தவறிய வேளைக்கு ஈடாக இரட்டிப்பாக விழுங்குதல் கூடாது. வழக்கத்தைவிட நாளொன்றுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு, உண்ண இயலாதபடி வாய்ப்புண், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வலித்தல், காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினும், மாத்திரையை நிறுத்திவைத்து அன்றே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். பொறுத்துக்கொண்டு தொடர்வது துணிவன்று, உயிருக்கே இடராகலாம்.

மருத்துவமனைச் சீட்டைப் படித்துக்காட்டும்படி ஊரார் பெரும்பாலும் ஆசிரியரையே நாடுவர். அப்போது மருந்தின் பெயரைப் படிப்பதோடு நில்லாமல், அது ஏன் குறைக்கப்பட்டது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியுமாறு அவர்களை ஊக்குவித்தல் நன்று. காரணம் அறிந்த குடும்பம் சிகிச்சையை இடையில் கைவிடாது.