தூக்கம் விற்கும் பொட்டலம்

மும்பையில் பிழைக்க வந்த தமிழர் பலருக்கு எட்டாக்கனியாகிவிட்டது நிம்மதியான தூக்கம். இரவு ஷிப்டு முடிந்து வருபவர் கண்ணயரும் வேளையில்தான் தண்ணீர்க் குழாயடியில் குடங்கள் மோதுகின்றன. விடியுமுன் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டிய குமாஸ்தாவோ, கடன் கணக்கை எண்ணியபடி நள்ளிரவு வரை புரள்கிறார். இவர்கள் மூலிகை மருந்தை நாடுவது இயல்பே.

நாட்டு மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து இரவில் அருந்துவது நெடுநாளைய வழக்கம். அது தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாக நம் நாட்டில் நடந்த சிறு ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனால், மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணலாகாது. கர்ப்பிணிகளும், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அமுக்கராவைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். சாதிக்காய் ஒரு சிட்டிகை போதும்; இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் விழுங்கினால், வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோய் விடும்.

இவற்றைவிட ஆபத்தானது, தெருவோரத்தில் விற்கும் பெயரில்லாப் பொட்டலம். முதல் இரவே அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டும். தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கக் கூடும். அல்பிரசோலம், டயஸிபம் போன்றவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2013-ல் விதி செய்யப்பட்டது. பொட்டல வியாபாரிக்கு ஏது பதிவேடு? அந்த மயக்கம் தெளியாமல் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்பவரின் விரல்களுக்கு யார் பொறுப்பு?

தயாரித்தவர் பெயர், விலாசம், உரிம எண், தேதி ஆகியவை அச்சிடப்படாத மருந்தை வாங்காதீர்கள். மாலைக்குப் பின் டீயைக் குறையுங்கள். பகலில் உறங்குபவர்கள் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். சில வாரங்களாகியும் தூக்கம் பிடிக்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். நாட்டு வைத்தியமே வேண்டுமென்போருக்கு வொர்லியில் அரசு ஆயுர்வேத மருத்துவமனை இருக்கிறது.

பொட்டல வியாபாரத்தை மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத் துறை சோதித்துத் தடுக்க வேண்டும். உழைத்துக் களைத்தவன் தூக்கத்தைக் காசு கொடுத்து வாங்க நேர்வதே கொடுமை. அதிலும் அவனை ஏமாற்ற விடலாகாது.