98 சதவீதம் சரி, ஆனா எந்த நோய்க்கு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு "திராட்சை இலை நோய் கண்டறிதல்"னு தலைப்பு கொடுத்திருக்கிற நண்பர்களே, ஒரு நிமிஷம். டேட்டாசெட் பிளான்ட்வில்லேஜ்தானே? அதுல திராட்சைக்கு நாலே வகைதான்: கருப்பு அழுகல், எஸ்கா, இலைக்கருகல், நல்ல இலை.

இப்போ கம்பம் பள்ளத்தாக்குக்கு வாங்க. நம்ம வேப்பம்பட்டுல தள்ளுவண்டியில கிடைக்கிற பன்னீர் திராட்சையோட ஊர். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம், ஒயினுக்கும் ஏற்றது. அங்கே விவசாயியோட தூக்கத்தைக் கெடுப்பது அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பழுக்கிற நேரத்துல மழை பெய்தா குலை அழுகல். மூணும் உங்க டேட்டாசெட்ல இல்லை. கருப்பு அழுகல் இருக்கேன்னு கேக்காதீங்க, அது வேற பூஞ்சை.

குலை அழுகல் இலையில ஆரம்பிக்கிற விஷயமே இல்லை. நெருக்கமான குலையில மழைத்தண்ணி தங்கும். ஒரு பழம் உப்பி வெடிக்கும், சாறு கசியும், பூஞ்சை பிடிச்சு பக்கத்துப் பழத்துக்குத் தாவும். உள்ளே நடக்கிற இது கேமராவுக்குத் தெரியறதுக்குள்ள பாதி குலை போயிருக்கும். மருந்தும் உள்ளே இறங்காது. அறுவடை நெருங்கினா அடிக்கவும் கூடாது, பழத்துல எச்சம் நிக்கும். அதனாலதான் குலையைச் சுத்தி இருக்கிற இலையைக் கிள்ளி காத்து விடுறாங்க.

அந்த 98 சதவீத அக்யூரசியும் லேப்ல எடுத்த தனி இலைப் படத்துக்குத்தான். 2016-ல் இதே டேட்டாசெட்டை வெச்சு வந்த பிரபலமான ஆய்வுல 99.35 சதவீதம் கிடைச்சுது. வேற சூழல்ல எடுத்த படத்தைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். முதல் எண்ணை மட்டும் நம்ம ரிப்போர்ட்ல எழுதுறோம்.

என் கருத்து இதுதான்: படம் பிடிக்கிறதை விட்டு ஈரத்தை அளங்க. பூஞ்சை வித்து முளைக்க பல மணி நேரம் ஈரம் காயாம இருக்கணும். ஒரு பிசிபியில ரெண்டு செம்புக் கோடு. நனைஞ்சா ரெசிஸ்டன்ஸ் குறையும். கூட ஒரு தெர்மிஸ்டர், ஒரு ஈஎஸ்பி32. பந்தலுக்கு அடியில குலை உயரத்துல கட்டிட்டா, எத்தனை மணி நேரம் ஈரம், என்ன வெப்பம்னு விவசாயி போனுக்கு வந்துடும். எந்த அளவுல எச்சரிக்கணும்னு ஆனைமலையன்பட்டியில இருக்கிற திராட்சை ஆராய்ச்சி நிலையத்துல கேக்கலாம். ஒரு ராத்திரி பஸ் பயணம்தான்.

"ரிவ்யூல அக்யூரசிதானே கேக்குறாங்க"னு சொல்வீங்க. நியாயம்தான், கேக்குறாங்க. ஆனா ஜீரோத் ரிவ்யூ இன்னும் முடியலேன்னா தலைப்பை மாத்த நேரம் இருக்கு.