கேட்க ஆள் இல்லாதவன் தலையில் கட்டாதீர்!

சேப்பாக்கம் எழிலகத்துப் பக்கம் இருபது வருஷமாக ஓயாமல் கேட்ட கோஷம் ஒன்று உண்டு. "பழைய பென்ஷனைக் கொடு!"

கொடி மாறும். ஆட்சி மாறும். கோஷம் மட்டும் மாறவில்லை. ஊர்வலம் கலைந்ததும் டீக்கடையில் அடுத்த கட்சி கிளம்பிவிடும். "எல்லாத்தையும் உங்களுக்கே கொடுத்துட்டா எங்களுக்கு எங்கே சார் வேலை?" என்று கேட்பான், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிற பையன்.

இது இளைஞனுக்கும் கிழவனுக்கும் நடக்கிற சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைப்பது சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது. உண்மை வேறு.

ஒரே வீடு, மூன்று நியாயம்

நகரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். தாத்தா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் அதுவும் ஏறும்.

மகன் 2004-ல் வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். அப்பா பார்த்த அதே சர்க்கார் உத்தியோகம்தான். ஆனால் மாசாமாசம் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம். சர்க்கார் அதே அளவு போடும். ஓய்வு பெறும்போது சேர்ந்த பணத்தை வட்டியோடு கையில் கொடுத்து அனுப்பிவிடுவது என்பதுதான் அவனுக்குப் போட்ட விதியாக இருந்தது. மாதப் பென்ஷன் அதில் இருக்கவில்லை.

பேரன் குரூப் 4 எழுதுகிறான். 2024 ஜூனில் நடந்த அந்தப் பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடம் 6,244. மனுப் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல்.

ஒரே கூரைக்கு அடியில் மூன்று பேருக்கு மூன்று நியாயம்! தாத்தா செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. மகன் செய்த தப்பு? பத்து வருஷம் பிந்திப் பிறந்தது. பேரன் செய்த தப்பு? அதைவிடப் பிந்திப் பிறந்தது!

கோடு போட்டது யார்?

2003 ஏப்ரல் 1. அன்றைய தேதியில் ஒரு கோடு போடப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். அதற்குப் பின் சேர்ந்தவருக்குப் பங்களிப்புத் திட்டம். மத்திய சர்க்காரும் 2004 ஜனவரி 1-ல் இதேபோலக் கோடு போட்டது.

கஜானா காலி என்றார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் கஜானா காலியானதற்கான தண்டனை யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். உள்ளே இருந்தவர்களின் பென்ஷன் திட்டத்தை மாற்றத் துணியவில்லை. சங்கம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது. வேலைக்கே வராதவனுக்கு என்ன இருக்கிறது? அவனுக்கு ஆர்டர் கூட வரவில்லை. அவனைக் கேட்காமலே அவன் முதுமைக்குக் கையெழுத்துப் போட்டாச்சு!

உள்ளே இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2003 ஜூலையில் ஓய்வுக்காலச் சலுகைகளில் கை வைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எஸ்மா பாய்ந்தது. ஒரே வீச்சில் சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ்! விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று கோர்ட் சொன்னது. பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் கோடு மட்டும் அழியவில்லை.

இரண்டாவது கட்டு

2020 மே மாதம். கொரோனா காலம். ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். ஓய்வு பெறுவோருக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டிய பணம் தள்ளிப் போயிற்று. கஜானாவுக்கு மூச்சு வந்தது. உத்தியோகத்தில் இருந்தவருக்கு இரண்டு வருஷச் சம்பளம் கூடுதல்.

நஷ்டம் யாருக்கு? அந்த நாற்காலி காலியாகும் என்று காத்திருந்த பையனுக்கு. அவனுக்கு ஓடியது இரண்டு வருஷ வயசு. பரீட்சைக்கு வயது வரம்பு உண்டு; அது யாருக்காகவும் நிற்காது. அவனை யாராவது கேட்டார்களா? இல்லை. அவனுக்கும் சங்கம் இல்லையே!

பிச்சை அல்ல, கூலி

பென்ஷன் கேட்பவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. 1982 டிசம்பர் 17-ல் சுப்ரீம் கோர்ட் நகாரா வழக்கில் தீர்ப்பு அளித்தது. பென்ஷன் சர்க்கார் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, உழைத்த உழைப்புக்கு உரிய பலன் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த வழக்கும் ஒரு தேதிக்கோட்டால் வந்ததுதான். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவருக்குக் கூடுதல் பலன் இல்லை என்றார்கள். பென்ஷன்காரர்களை அப்படித் தேதி வைத்துப் பிரிக்கக்கூடாது என்று கோர்ட் அதைத் தள்ளியது. இன்றும் டிசம்பர் 17-ஐப் பென்ஷன்காரர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே வாத்தியார் கேட்பது நியாயம். 20 வருஷம் போராடியதும் வீண் போகவில்லை. மத்திய சர்க்கார் 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழக அரசு 2026 ஜனவரி 3-ல் உறுதியளிக்கப்பட்ட பென்ஷன் திட்டத்தை அறிவித்தது. ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக உறுதி.

வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கைதட்டும்போதே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். பணம் எங்கே?

மூன்றாவது கட்டு வேண்டாம்

திட்டம் தொடங்க ரூ.13,000 கோடி, பிறகு ஆண்டுக்குச் சுமார் ரூ.11,000 கோடி என்பது அறிவிக்கும்போது அரசே சொன்ன கணக்கு. இந்தப் பணத்தை வருஷா வருஷம் எடுத்து வைத்தால்தான் அது உறுதி. எடுத்து வைக்காவிட்டால்?

மளிகைக் கடையில் பேரன் பெயரில் கணக்கு எழுதிவிட்டுத் தாத்தாவும் அப்பாவும் சாமான் வாங்கின கதைதான். கடைக்காரன் ஒருநாள் வருவான். அப்போது கதவைத் திறப்பவன் பேரன்!

அந்தப் பேரன்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், அகில இந்தியாவில் 8.6 சதவீதம். 2020 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. நாலு தோள் தூக்கிய பாரத்தை நாளைக்கு இரண்டு தோள் தூக்க வேண்டும். 2003-ல் வேலைக்கு வராதவன் தலையில் கட்டினார்கள். 2020-ல் வேலைக்குக் காத்திருந்தவன் தலையில் கட்டினார்கள். மூன்றாவது தடவை, இன்னும் பிறக்காதவன் தலையில் கட்டக்கூடாது.

பாத்திரம் தேய்க்கும் ஆயா

இந்தச் சச்சரவில் இன்னொரு ஆளை எல்லோருமே மறந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குத் தினமும் காலையில் வந்து பாத்திரம் தேய்க்கும் ஆயா. அறுபதைத் தாண்டியும் வேலை செய்கிறவள். அவளுக்கு எந்தத் தேதியிலும் கோடு போடவில்லை. அவள் கோட்டுக்கு வெளியிலேயே பிறந்தவள்!

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் ரூ.1,000-லிருந்து ரூ.1,200 ஆயிற்று. அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு மாதம் ரூ.200. கம்பெனியில் உழைத்தவருக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பிராவிடண்ட் பண்ட் பென்ஷனில் குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்தது ரூ.1,000. தாத்தா மருந்துக் கடையில் ஒரே தடவையில் கொடுக்கிற பணம்!

வரி என்றால் உத்தியோகஸ்தர் மட்டும் கட்டுவதில்லை. ஆயா வாங்குகிற சோப்பிலும் வரி இருக்கிறது. வாத்தியார் பென்ஷனில் அவள் காசும் உண்டு. அவள் முதுமையில் யார் காசு உண்டு?

செய்ய வேண்டியது என்ன?

எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் மூன்று காரியம் செய்தாக வேண்டும்.

ஒன்று: பென்ஷன் நிதியை அவசரத்துக்குக் கை வைக்க முடியாதபடி சட்டத்தால் பூட்ட வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று வருஷா வருஷம் சட்டசபையில் கணக்கு வைக்க வேண்டும். ஊழியர் சங்கங்களும் பென்ஷனைக் கேட்கிற அதே குரலில் இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும்.

இரண்டு: ஓய்வு வயதில் இனிக் கை வைக்குமுன், அதனால் எத்தனை காலியிடம் தள்ளிப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காத்திருந்து வயசைத் தொலைத்தவனுக்கு அதே அளவு வயது வரம்பைத் தளர்த்த வேண்டும்.

மூன்று: உத்தியோகஸ்தர் பென்ஷன் விலைவாசியோடு ஏறுகிறது. ஆயாவின் உதவித்தொகையும் அப்படியே ஏற வேண்டும். அரிசிக்கடையில் அவளுக்கென்று தனி விலை இல்லை.

தாத்தாவிடம் பிடுங்கிப் பேரனுக்குக் கொடுப்பது நியாயம் ஆகாது. பேரனை அடகு வைத்து அப்பாவுக்குக் கொடுப்பதும் ஆகாது. முடிவு எடுக்கிற அறையில் யார் இல்லையோ, அவர் பங்கை முதலில் எழுதி வைப்பதுதான் நியாயம்.

கோஷம் போட ஆள் இருக்கிறவனுக்குச் சர்க்கார் என்றைக்கும் காது கொடுக்கும். ஆள் இல்லாதவனுக்குக் காது கொடுக்கிறதா என்பதுதான் பரீட்சை. அந்தப் பரீட்சையில் 2003-லும் பெயில், 2020-லும் பெயில். மூன்றாவது தடவையாவது பாஸ் பண்ணட்டும்!